இருபது கிலோ

பழைய பேப்பர்க் கடை பீர் முகமது
தராசைத் தரும்போது ஒன்றுதான் சொன்னார்:
"காலையில ஏழு மணிக்குக் கடை தொறக்கணும்."

அயனாவரத்து ஆலயத்தின் பின்கூடத்தில்
ஒன்பது பெட்டிகள்.
பெட்டிக்கு இருபது கிலோ.
அதற்குமேல் ஒவ்வொரு கிலோவுக்கும்
விமானக் கம்பெனி கேட்கிற பணத்தில்
ஒரு சனிக்கிழமை இடியாப்பம்
முழுசாகப் போய்விடும்.

கம்போடியாவுக்குப் பதினோரு நாள்.
பட்டம்பாங்கைத் தாண்டி
வயல்களுக்கு நடுவே ஒரு ஊர்,
தகரக் கூரை போட்ட ஒரு சபை.
அதற்காகப் பதினான்கு மாதம்
பெண்கள் ஐக்கியம் மாவு பிசைந்தது.
பாக்கெட் நாற்பது ரூபாய், தேங்காய்ப்பால் தனி.
கணக்கு நான் எழுதினேன்.

பத்துப் பேருக்காக ஜெபித்தோம்.
ஒன்பது பேருக்குச் சேர்ந்தது.
பட்டியலில் பத்தாவது
ரூபி சாந்தகுமாரி.
ஸ்கேல் வைத்து நானே அடித்தேன்.
அடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
அடிக்காதே என்றும் சொல்லவில்லை.

லெமுவேல் பெட்டி இருபத்திரண்டு நானூறு.
வாலிபால் வெளியே வந்தது.
பெர்சிஸ் பருப்புப் பொடியை எடுத்து,
வைத்து, மறுபடி எடுத்து,
கடைசியில் செருப்பை விட்டுப்போகத் துணிந்தாள்.
ஞாயிறு பள்ளிப் புத்தகங்கள் ஒரு கட்டு வெளியே.
துணிப்படங்களில் தாவீது போதுமே,
கோலியாத் எதற்கு என்று யாரோ கேட்க
ஆயரே சிரித்துவிட்டார்.

சபையார் தந்த பழைய கண்ணாடிகள் முந்நூறு.
இறந்துபோனவர்களுடையதும் அதில் உண்டு.
ஒவ்வொன்றிலும் பவர் எழுதி ஒட்டியிருந்தோம்.
முப்பது நாற்பது அங்கேயே மேசையில் தங்கிவிட்டன.

கடைசியாகத் துரைசிங் அண்ணன் பெட்டி.
சிவப்பு எண்கள் ஆடி ஆடி நின்றன:
இருபது, புள்ளி, பூஜ்யம் நான்கு பூஜ்யம்.
துழாவினார்.
மருந்தில் கை வைக்க மனசில்லை.
நான் எழுதிக் கொடுத்த தாள்கள் அகப்பட்டன,
எட்டுத் தாள்,
கெமர் வார்த்தைகள் தமிழ் எழுத்தில்.
"இது போன்ல இருக்குல்ல ரூபி?"
இருந்தது.
எண் சரியாக இருபதில் நின்றது.
அல்லேலூயா என்றார்கள், கைதட்டினார்கள்.

அந்த வார்த்தைகளை நான் படித்தது
இடியாப்ப உரலைத் திருகிக்கொண்டே.
ஒரு சுற்றுக்கு ஒரு சொல்.
நன்றிக்கு ஆர்குன்.
வலிக்கிறதா என்று கேட்க ச்சூ தே.
கையில் மாவோடு
ஆவி பறக்கும் தட்டைப் பார்த்துக் கேட்பேன்:
ச்சூ தே? ச்சூ தே?
என் கணவர் கூடத்திலிருந்து
"யாரு வந்திருக்கா?" என்பார்.

பதினொன்றரைக்கு வேன்.
அதன் மேல் கை வைத்து ஜெபித்தோம்,
டிரைவர் இன்ஜினை நிறுத்தவில்லை.
பெர்சிஸ் என்னைக் கட்டிக்கொண்டாள்.
"அடுத்த தடவை நீங்கதான்க்கா."
கொன்னூர் நெடுஞ்சாலையில் திரும்பும்வரை
பின்விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்புறம் கொசு கடித்தது.

வீட்டுக்குப் போயிருக்கலாம்.
தராசை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
மேசையிலிருந்த கண்ணாடி ஒன்றைச்
சும்மா போட்டுப் பார்த்தேன், இரண்டரை பவர்.
கணக்கு நோட்டு துலங்கிவிட்டது.
தேங்காய், மாவு, காஸ், பாஸ்போர்ட் போட்டோ,
கடைசிப் பக்கத்தில் என் பெயர்,
அதன் மேல் நான் இழுத்த கோடு.
எவ்வளவு நேராக இழுத்திருக்கிறேன்.

ஆறே முக்காலுக்குக் கடைப் பையன் வந்தான்.
குவிந்து கிடந்ததையெல்லாம் பார்த்து
புத்தகக் கட்டைக் காலால் தொட்டு,
"இதெல்லாம் கடைக்காக்கா?" என்றான்.
"இல்லப்பா."
எட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

தராசில் ஒன்றுமில்லை.
இருந்தும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது
பூஜ்யம், புள்ளி, பூஜ்யம் நான்கு பூஜ்யம்.
காட்டினேன்.
பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டிக்கொண்டே
அவன் சொன்னான்:
"அது அப்டித்தான்க்கா.
எப்பவும் நாப்பது கிராம்
கூடத்தான் காட்டும்."